தொட்டிக்கு வந்த வாழ்வு

"உடைச்சிராதீங்க அண்ணே!"

ஷாமினி போட்ட கூச்சலில் கன்டிராக்டர் அய்யாவு ஓங்கிய சம்மட்டியை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார். இரவு ஷிப்ட் முடிந்து நர்ஸ் உடுப்போடு வந்தவள், காலணியைக்கூடக் கழற்றவில்லை. நேராகக் குளியலறைக்குள் புகுந்து, அந்த வெள்ளைத் தொட்டியின் மேல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கவிழ்ந்துவிட்டாள்.

"என்ன தங்கச்சி இது? பாஸ்தானே டப்பை உடைச்சுட்டு ஷவர் போடச் சொன்னாரு?"

பாஸ் என்று அவர் சொன்னது ஷாமினியின் கணவன் ஜீவனை. துறைமுகத்தில் கொள்கலன் யார்டில் சூப்பர்வைசர். அவன் போன வருஷம் கம்பெனிச் செலவில் லங்காவிக்குப் போய், அங்கே ஹோட்டலில் மழை மாதிரி கொட்டுகிற ஷவரில் குளித்துவிட்டு வந்தான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

கிள்ளானில் அவர்கள் ஏலத்தில் எடுத்த வரிசை வீடு அது. ஏல வீட்டை, கைக்குச் சாவி வரும்வரை உள்ளே எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்ததால் ஜீவன் அறுத்துத்தான் திறந்தான். உள்ளே சீலிங் தொங்கியது, அடுப்படி அலமாரியைக் கறையான் தின்றிருந்தது, எங்கே பார்த்தாலும் எலிப் புழுக்கை. குளியலறைத் தொட்டி மட்டும் பால் வெள்ளையாக, விரலால் தடவினால் ஒரு தூசு ஒட்டாமல் இருந்தது. அதைப் பார்த்த நிமிடமே ஷாமினி மயங்கிவிட்டாள்.

மயங்காமல் என்ன செய்வாள் பாவம்? கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவள். மாரளவுக்குச் சாரத்தைக் கட்டிக்கொண்டு பொதுக் குழாயடியில் நின்று, "சீக்கிரம் ஊத்திட்டு வாடி!" என்ற வசவைக் கேட்டுக்கொண்டே குளித்து வளர்ந்தவள். படித்து நர்சான பிறகு ஹாஸ்டலில் கதவைத் தட்டினார்கள், கல்யாணமான பிறகு ஜீவன் தட்டினான். கதவைச் சாத்திக்கொண்டு, வெந்நீரில் காலை நீட்டி, யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். வாழ்க்கையில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

"டப்புல குளிக்கிறதுன்னா நம்ம அழுக்குலயே நாம ஊறுறது லா," என்பான் ஜீவன்.

"தண்ணி கட்டாச்சுன்னா? ஷவர்ல தண்ணியப் புடிச்சு வைக்க முடியுமா?"

"அதுக்குத்தான் டிரம் வாங்கியிருக்கோமே."

இப்படி ஒரு மாதம் இழுத்து, கடைசியில் அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து அய்யாவுவை வரவழைத்துவிட்டான். ஷாமினிக்கு அழுகை முட்டியது. தொட்டியின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். எனக்கு இது வேணும் அண்ணே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இதுல ஒரு அம்மா இருக்காங்க."

சொல்லி முடித்த பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இது எங்கிருந்து வந்தது?

"அம்மாவா?" அய்யாவு ஓரடி பின்வாங்கினார். "எந்த அம்மா?"

"வயசானவங்க. இராஜம்மான்னு பேரு. இதுலதான் உசுரு போச்சாம். உடைச்சா சும்மா விடமாட்டாங்களாம்."

ஷாமினி பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. அவள் பொய் சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கு ஒரு காதும் சிவக்கவில்லை. அய்யாவு சம்மட்டியைப் பூப்போலக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி, "தெரியாம ஓங்கிட்டேன் தாயி, மன்னிச்சிரு," என்று தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டு, முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து வாசலுக்குப் போய் லோரியில் ஏறிவிட்டார். சாமான் பையை எடுக்கக்கூட வரவில்லை.

சாயங்காலம் ஜீவன் வந்து குதித்தான். "பேயாவது பூதமாவது! அந்த டப் எனக்கு முழங்கால் வரைக்கும்கூடப் பத்தாது, அதுக்கு இவ்வளவு கலாட்டாவா? இரு, படுத்துக் காட்டுறேன்."

ஜீவன் கல்யாணப் படங்களில் எப்போதும் பின்வரிசையில் நிற்கிற உயரம். ஷாமினியோ முன்வரிசையிலும் ஸ்டூல் கேட்கிற ரகம். அவளுக்கு அந்தத் தொட்டி தலை முதல் குதிகால் வரை அளவெடுத்தது போலப் பொருந்தும். ஜீவன் சட்டையோடு இறங்கிப் படுத்தான். காலை மடக்க வேண்டி வரவில்லை. அவனுக்கும் தலை முதல் குதிகால் வரை சரியாக இருந்தது.

ஷாமினி தேநீர் கலக்கிக்கொண்டு வந்தபோதும் அவன் கண்ணை மூடி அப்படியே கிடந்தான். கூப்பிட்டாள், உலுக்கினாள். கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்தான்.

"இதமா இருக்கு ஷாமி," என்றான் தூக்கக் குரலில். "காஞ்ச டப்பு எப்படிச் சூடா இருக்கும்?"

"வெயில் பட்டிருக்கும்."

அந்தக் குளியலறையில் வெயில் வருகிற மாதிரி ஒரு சன்னலும் இல்லை. அது அப்போது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

மறுநாள் ஜீவன் வேறு கன்டிராக்டர்களைக் கூப்பிட்டான். அய்யாவு வாய் சும்மா இருக்குமா? காப்பார் வரைக்கும் எல்லாருக்கும் சேதி போயிருந்தது. முகவரியைச் சொன்னதும் ஒருவருக்குப் பல்வலி வந்தது, இன்னொருவருக்கு மாமியார் இறந்துபோனார். கடைசியில் ஜீவன் தானே ஹார்ட்வேர் கடைக்குப் போய்க் குழாய் வாங்கி வந்து, தொட்டிக்கு மேலே சுவரில் ஷவரைப் பூட்டினான். டப்பும் இருக்கட்டும், ஷவரும் இருக்கட்டும் என்று சமாதானம்.

ஷாமினிக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஜீவன் பெருமையாக ஷவரின் பிடியைத் திருகினான். ஷவர் ஒருமுறை தொண்டையைக் கனைத்தது. அவ்வளவுதான். கீழே, யாரும் தொடாத தொட்டிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

ஜீவன் பிடியை மூடினான். குழாய் நிற்கவில்லை. தொட்டி பாதி நிறைந்த பிறகு அதுவாகவே நின்றது. தண்ணீரிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது. ஹீட்டருக்கு இன்னும் ஒயர்கூட இழுக்கவில்லை.

"ஷாமி, அந்த அம்மா பேரு என்னன்னு சொன்ன?"

பைப்பை மாற்றிப் பூட்டிவிட்டான் மனுஷன் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. போதும் விளையாட்டு, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இராஜம்மா," என்றுதான் வாயில் வந்தது. "ஷவர்னாலே அவங்களுக்கு ஆகாதாம்."

அடுத்த நிமிடம் ஜீவன் குளியலறையைப் பூட்டிச் சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டான். "இனிமே யாரும் அதுல இறங்கக் கூடாது. அது அந்த அம்மாவோட இடம்."

"அப்ப நாம எங்க குளிக்கிறது?"

"பின்னாடி குழாய் இருக்குல்ல?"

நன்றாக இருக்கிறதா கதை? கேரி தீவிலிருந்து கிளம்பி, படித்துப் பட்டம் வாங்கி, கடன்பட்டு வீடு எடுத்து, கடைசியில் மறுபடியும் சாரத்தைக் கட்டிக்கொண்டு குழாயடிக்கே வந்தாயிற்று. பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னம்மா, உள்ள தண்ணி கட்டா?" என்று விசாரித்தாள். பாசார் மாலம் இரவுச் சந்தையில் வடை விற்கிறவள். அவள் காதில் விழுந்தது கிள்ளான் காதில் விழுந்த மாதிரி.

ஷாமினி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜீவன் வேலைக்குப் போன பிறகு சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். திருட்டுத்தனமாக ஒரு குளியல் போட்டுவிட வேண்டியதுதான். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து குழாயில் கை வைத்தபோது, பின்கதவு வழியாகத் தங்கமணி அக்கா வந்து நின்றாள்.

"அடியே! பூட்டி வச்ச ரூமுக்குள்ள தனியா என்ன பண்ற?"

மாட்டிக்கொண்டோம் என்று ஷாமினிக்கு வியர்த்தது. "அம்மா கனவுல வந்தாங்கக்கா. என்னைக் குளிக்கச் சொன்னாங்க," என்றாள்.

"கனவுலயா!" அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்து அவள் கேட்டதைத்தான் இந்த நாட்டில் எந்தத் தமிழனும் கேட்டிருப்பான். "நம்பர் கொடுத்தாங்களா?"

அவளை அனுப்பினால் போதும் என்று ஷாமினி வாய்க்கு வந்த நாலு இலக்கத்தைச் சொன்னாள். அவள் யோசித்துச் சொன்னதில்லை. விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டிருந்தாள், அதுபாட்டுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை லாட்டரியில் அந்த நம்பருக்கு முதல் பரிசு அடித்தது.

தங்கமணி அக்கா மாலையும் தேங்காயும் பால் குடமுமாக வந்து வாசலில் விழுந்து கும்பிட்டாள். அதற்குப் பிறகு வீடு ஷாமினியின் கையில் இல்லை. காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் வந்தன. கம்போங் மேடானிலிருந்து ஒரு வேன் வந்தது. கேரி தீவிலிருந்து அவள் சித்தியே வந்து, "உன்னைப் பார்க்க வரல, அம்மாவைப் பார்க்க வந்தேன்," என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். குளியலறை வாசலில் மஞ்சள் துணி தொங்கியது. எலுமிச்சையும் வேப்பிலையும் கட்டியாயிற்று. ஜீவன் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, யார்டில் லோரிகளை வரிசை கட்டுவது போல ஜனங்களை வரிசை கட்டினான்.

வந்தவர்கள் எல்லாரும் தொட்டியில் ஒருமுறை படுத்து எழுந்தார்கள். அதுதான் ஆசீர்வாதமாம். யார் ஆரம்பித்து வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தங்கமணி அக்கா மூன்று ஆள் அகலம், அவளுக்கும் சரியாக இருந்தது. சித்தியின் ஒல்லிக் குச்சி மகனுக்கும் சரியாக இருந்தது. "எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே!" என்று ஆளாளுக்கு வியந்தார்கள். ஆனால் படுத்த யாரும் தானாக எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவரையும் இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. எழுந்தவர்கள் சொக்கிப்போய், எதையோ உள்ளே விட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அதைப் பார்க்க ஷாமினிக்கு முதுகில் சில்லென்றது. வாசலில் கடை போட்டுவிட்ட பூக்காரி மட்டும்தான் சந்தோஷமாக இருந்தாள்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று, ஒருநாள் வாசல் கேட்டுக்கு வெளியே ஜீவனையும் தங்கமணி அக்காவையும் நிறுத்தி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"நான் சொன்னது அத்தனையும் பொய். இராஜம்மாவும் இல்ல, ஒரு அம்மாவும் இல்ல. டப்பை உடைக்கக் கூடாதுன்னு வாய்க்கு வந்ததை உளறிட்டேன்."

சொன்னதும் காது இரண்டும் சூடாகிச் சிவந்தன. தங்கமணி அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

"பாருங்க தம்பி, காது செவக்குது. இப்பதான் பொய் சொல்றா. அம்மா சோதிக்கிறாங்க."

"பொய்யின்னா தண்ணி எப்படி ஷாமி தானா வந்துச்சு?"

"நீங்க பைப்பை மாத்திப் பூட்டிட்டீங்க!"

ஜீவனுக்கு மூஞ்சி விழுந்துவிட்டது. பேயைச் சொன்னால்கூடத் தாங்குவான், கைவேலையைக் குறை சொன்னால் தாங்கமாட்டான்.

உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பலன் என்ன தெரியுமா? அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, உடனே கோயில் எழுப்ப வேண்டும் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. ஓடிப்போன அய்யாவு அதே சம்மட்டியோடு திரும்பி வந்தார். தொட்டியைத் தொடமாட்டாராம். குளியலறைச் சுவரைத்தான் உடைத்து, பின்சந்துப் பக்கம் வாசல் வைத்து, மேலே சின்னதாக ஒரு கோபுரம் கட்டிக்கொடுப்பாராம், கூலி வாங்காமல். வெள்ளிக்கிழமை காலையில் வேலை ஆரம்பம். ஷாமினிக்குத் தொட்டியும் போச்சு, குளியலறையும் போச்சு. சமையல்கட்டில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

வெள்ளிக்கிழமை அய்யாவு சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"யாருடா என் வீட்டுல செத்தது?"

பூப்போட்ட கவுன், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் குடை. எழுபதைத் தாண்டிய அம்மாள் ஒருவர், குடையாலேயே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போர்ட்டிக்கோவுக்கு வந்து, முட்டிவலியில் முனகியபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் டோரிஸ். பேங்க் எடுக்கிற வரைக்கும் இது என் வீடு. எங்க பாத்ரூம்ல ஏதோ கெழவி செத்துப் பேயா அலையுறான்னு மார்க்கெட்ல மீன்காரன் எங்கிட்டயே சொல்றான்! கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இங்கதான் இருந்தேன். இந்த வீட்டுல ஒரு பூனைகூடச் சாகல!"

ஷாமினிக்குச் சொர்க்கமே வாசலில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. "ஆன்டி, நல்லாச் சத்தமா சொல்லுங்க ஆன்டி!" என்று அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போனப்புறம் செத்திருக்கலாம்ல?" என்றார் அய்யாவு விட்டுக்கொடுக்காமல்.

"பூட்டின வீட்டுக்குள்ள எவ வந்து சாவா? நாங்க போட்ட பூட்டை இவங்கதானே வந்து திறந்தாங்க?"

"ஆமா, நான்தான் அறுத்தேன்," என்றான் ஜீவன் மெதுவாக.

தங்கமணி அக்கா முன்னால் வந்தாள். "அப்ப நம்பர் எப்படி அடிச்சுது?"

"உன் அதிர்ஷ்டம் லா!" டோரிஸ் ஆன்டி குடையைத் தரையில் தட்டினார். "எங்க பாத்ரூம்ல நம்பர் கெடச்சிருந்தா நான் ஏம்மா வீட்டை பேங்க்குக்குக் கொடுத்துட்டுப் போறேன்?"

ஆவியைப் பற்றி ஆயிரம் வாதம் பண்ணலாம், இந்தக் கணக்குக்கு எதிராக என்ன பண்ணுவது? ஒருவர் செருப்பைத் தேடினார். பின்னாலேயே இன்னொருவர் தேடினார். தங்கமணி அக்கா தன் பால் குடத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் வீடு காலி. அய்யாவு சம்மட்டியையும், அன்றைக்கு விட்டுப்போன சாமான் பையையும் லோரியில் ஏற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பினார்.

ஜீவன் மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்தான். தொட்டியிலிருந்த பூவையெல்லாம் வாரிக் கொட்டினான். பிறகு சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து வந்து, அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"உனக்கு அவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியல ஷாமி. ஷவரும் வேணாம் ஒண்ணும் வேணாம். டப்பு உனக்குத்தான். யாரும் கதவைத் தட்டமாட்டோம்."

ஷாமினி டோரிஸ் ஆன்டியின் குடையை வாங்கி ஓரமாக வைத்தாள். "ஆன்டி, சாப்பிட்டுத்தான் போகணும்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மீன் குழம்பு இருக்கு. ஒரு குளியல் போட்டுட்டு ஓடி வந்துர்றேன்."

"மெதுவா வாம்மா. என் மகன் கார் கொண்டுவர நேரமாகும்," என்றார் டோரிஸ் ஆன்டி. ஜீவன் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ச் சமையல்கட்டு மேசையில் உட்கார வைத்து, மைலோ கலக்கினான்.

ஷாமினி குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குழாயைத் திறக்கலாம் என்று கை நீட்டினாள். தொட்டியில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தது. ஜீவன்தான் பிடித்து வைத்திருக்கிறான், எவ்வளவு நல்ல மனுஷன் என்று அவளுக்கு மனசு இளகிப்போனது. இறங்கி உட்கார்ந்தாள், சாய்ந்தாள், காலை நீட்டினாள். தலை முதல் குதிகால் வரை அவளைத் தாங்கிக்கொண்டது. கைக்குழந்தையின் உடம்புச் சூடு மாதிரி ஒரு சூடு. முதுகு வலி கரைந்தது. குழாயடி வசவுகள் எல்லாம் கரைந்தன. கையைத் தூக்கி முகத்தைத் துடைக்க நினைத்தாள், கை வரவில்லை. பரவாயில்லை, இப்போது என்ன அவசரம்? கண் தானாக மூடிக்கொண்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் மைலோ கலக்குகிற கரண்டிச் சத்தமும், ஜீவன் பேசுவதும் தூரத்தில் கேட்பது போலக் கேட்டன.

"நான்தான் ஆன்டி ஷவர் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். நீங்க விட்டுட்டுப் போன டப்பைப் பார்த்ததுலேர்ந்து அவளுக்கு அது மேலதான் கண்ணு."

கரண்டிச் சத்தம் நின்றது.

"எந்த டப்பு தம்பி? பேங்க்ல சாவியைக் கொடுக்கப் போற அன்னிக்குக்கூட, அந்த பாத்ரூம்ல நான் ஷவர்லதானே குளிச்சுட்டுப் போனேன்?"